துயரத்தில் இருப்பவரை உடனே பேச வைக்கலாமா?

விபத்தோ திடீர் மரணமோ நடந்த வீட்டில், "மனசுல வச்சுக்காதீங்க, எல்லாத்தையும் கொட்டிடுங்க" என்று வற்புறுத்துகிறோம். நல்லெண்ணத்தில்தான். மனநல ஊழியர்கள் பலரும் முன்பு அப்படித்தான் செய்தார்கள்.

1983-இல் அமெரிக்காவின் ஜெஃப்ரி மிட்செல், தீயணைப்பு வீரர்கள் போன்ற மீட்புப் பணியாளர்களுக்காக ஒரு முறையை வெளியிட்டார். கோரச் சம்பவம் நடந்த சில நாள்களுக்குள், ஒரே அமர்வில், நடந்ததையெல்லாம் அவர்களைச் சொல்ல வைப்பது. பின்னர் அது விபத்தில் சிக்கிய பொதுமக்களுக்கும் பரவியது. வந்தவர்கள் நன்றி சொன்னார்கள்; சில மாதங்களில் தேறினார்கள். பலன் தருகிறது என்று ஆலோசகர்கள் நம்பினார்கள்.

அமர்வு இல்லாதவர்கள் என்ன ஆனார்கள்? அது ஆலோசகர் கண்ணில் படாது. சளிக்காய்ச்சலுக்குக் கஷாயம் குடித்தாலும் ஒரு வாரம், குடிக்காவிட்டாலும் ஒரு வாரம். அதிர்ச்சியும் பலருக்குத் தானாகவே தணிகிறது. மோசமானவர்களோ ஆலோசகரிடம் திரும்பி வராமலே போகலாம்.

அதனால் பிரிட்டனில் தீக்காயம் பட்ட 133 பேரை, சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் அமர்வு. 1997-இல் வந்த முடிவு: 13 மாதங்களுக்குப் பிறகு, அமர்வு பெற்றவர்களில் 26 விழுக்காட்டினருக்கு அதிர்ச்சியால் வரும் மனநோய் இருந்தது, பெறாதவர்களில் 9 விழுக்காடுதான். அமர்வு பெற்ற குழுவில் காயங்கள் கொஞ்சம் கடுமையாக இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் அந்த ஒற்றை அமர்வு நோயைத் தடுத்ததாகத் தெரியவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமி பினாங்கையும் நாகப்பட்டினத்தையும் இலங்கையையும் தாக்கிய பிறகு, இந்த முறை வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. இப்போது பரிந்துரைக்கப்படுவது "உளவியல் முதலுதவி". பெயர்தான் புதிது. துக்க வீட்டுக்குச் சமைத்து அனுப்பும் நம் தோட்டத்துப் பழக்கம் அதற்கு வெகு தூரமில்லை.

பைராம் தோட்டத்தில் அண்டை வீட்டாருக்கு அப்படி ஒன்று நேர்ந்தால், பக்கத்தில் உட்காருங்கள். சாப்பிட்டார்களா என்று பாருங்கள். அவர்களாகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள்; "எப்படி நடந்துச்சு?" என்று துருவாதீர்கள். பேசவே கூடாது என்று தடுக்கவும் வேண்டாம்.

கெட்ட கனவு, தூக்கமின்மை, எதற்கெடுத்தாலும் திடுக்கிடுவது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே பல வாரங்கள் முறையாகத் தரப்படும் சிகிச்சை வேறு. அது பலன் தருவதைச் சோதனைகள் காட்டியுள்ளன. "உயிரோடு இருந்து என்ன பயன்" என்று யாராவது சொன்னால் ஒரு மாதம் காத்திருக்காதீர்கள். அன்றே அழைத்துச் செல்லுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள். மனநல உதவிக்குச் சுகாதார அமைச்சின் தொலைபேசி எண் 15555.