சாப்பாட்டுப் படத்துக்கு ஒரு செயலி

கேள்வி: ஓட்டல் சாப்பாட்டைப் படமெடுத்துப் பகிர்வதற்கென்றே ஒரு மொபைல் செயலி தயாரித்தால் எடுபடுமா?
- டெக்னோபார்க் வாசகர், திருவனந்தபுரம்

பதில்: படத்தை மட்டும் நம்பினால் எடுபடாது. இதே யோசனையோடு 2010இல் அமெரிக்காவில் வந்தது ஃபுட்ஸ்பாட்டிங். கடையை அல்ல, ஒவ்வொரு பதார்த்தத்தையும் படமாகப் பதியவைத்த நல்ல செயலி அது. அதே ஆண்டு இன்ஸ்டாகிராமும் வந்தது. நண்பர்கள் இருக்கும் இடத்தில்தானே யாரும் படம் போடுவார்கள்? 2013இல் உணவக முன்பதிவு நிறுவனமான ஓபன்டேபிள் ஃபுட்ஸ்பாட்டிங்கை வாங்கியது. பிறகு மூடியே விட்டார்கள். நம் ஜொமாட்டோ 2008இல் ஃபுடீபே என்ற பெயரில், டெல்லி உணவகங்களின் மெனு அட்டைகளை ஸ்கேன் செய்து போட்டுத் தொடங்கியது. அட்டையில் அழகில்லை, ஆனால் விலை இருந்தது.

"படத்தைப் பார்த்தால்தானே நாக்கில் நீர் ஊறும்?" என்பீர்கள். உண்மைதான். உங்கள் ஊர்த் தம்பானூரில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் சுருள் வடிவில் அமைத்த இந்தியன் காபி ஹவுஸில் மசாலா தோசையைப் பிட்டால் உள்ளே பீட்ரூட் சிவப்பு. புதிதாக வருகிறவருக்கு அதைப் படம் காட்டிவிடும். என்ன விலை, எத்தனை மணிவரை கிடைக்கும், உட்கார இடமிருக்குமா என்பதைக் காட்டாது. உங்கள் செயலிக்கான வேலை அங்கேதான் இருக்கிறது. ஒரே ஊர் போதுமா என்று தயங்க வேண்டாம். நாடு முழுக்க அரைகுறையாக இருப்பதைவிடத் தம்பானூரும் பாளையமும் சாலை பஜாரும் முழுமையாக இருந்தால், பசியோடு நிற்பவர் நம்பித் திறப்பார். செயலி எழுதும் முன், ஒரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாதம் இதை நடத்திப் பாருங்கள்.