மிகிந்தலையின் மருந்துத் தோணி

பொரளையில் உள்ள ஆயுள்வேத வைத்தியசாலையை அறியாத கொழும்புவாசிகள் குறைவு. எலும்பு முறிவென்றும் வாதமென்றும் எம்மவரும் அங்கே போய் வருகின்றார்கள். அந்த எண்ணெய் வாசனைக்கு எத்தனை வயது என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

நோயாளருக்கென மனை கட்டிப் பராமரிப்பது கிறிஸ்தவர் உலகுக்குக் கொடுத்த கொடை என்றே குருமடத்தில் நாம் படித்தோம். அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டது, ஏறத்தாழ 370ஆம் ஆண்டில் புனித பசிலியார் செசரியாவில் எழுப்பிய பெரும் இல்லம். (அப்போஸ்தலர் பணியில் வரும் கடற்கரைச் செசரியா அன்று இது, இன்றைய துருக்கி நாட்டில் இருப்பது.) அது மெய்யாகவே பெரிய காரியம். ஆனால் அதே நூற்றாண்டில் அநுராதபுரத்தில் ஆண்ட புத்ததாச மன்னனை அந்தப் பாடத்தில் எவரும் எமக்குச் சொல்லவில்லை.

அவன் தானே வைத்தியன். பத்துக் கிராமங்களுக்கு ஒரு வைத்தியரை நியமித்து, அவர்களின் பிழைப்புக்கு வயல் வருமானத்தையும் ஒதுக்கினான் என்கிறது சூளவம்சம். பிரசவத்தில் சிக்கிய சண்டாளப் பெண் ஒருத்தியை அவனே காப்பாற்றியதாகவும் அந்நூல் கூறும். தீண்டாமை பெரிதாயிருந்த காலம் என்பதை மறவாதிருப்போமாக. அவன் பாம்புக்கும் சத்திர சிகிச்சை செய்தான் என்ற கதையை வேண்டுமானால் விட்டுவிடலாம்.

ஏடு சொல்வதைச் சந்தேகிப்போருக்குக் கல் இருக்கிறது. மிகிந்தலை மலையடிவாரத்தில் இரண்டாம் சேனன் (853-887) கட்டியதாகக் கருதப்படும் வைத்தியசாலையின் இடிபாடுகள் உள்ளன. நடுவே முற்றமும் வழிபாட்டுக்கான சிறு மனையும், சுற்றிவரச் சிற்றறைகள். அங்கே ஒரே கல்லில் குடைந்த தோணி ஒன்று கிடக்கிறது. உட்புறம் மனித உடலின் வடிவாகவே, தலைக்கும் தோளுக்கும் காலுக்கும் இடம் விட்டுச் செதுக்கப்பட்டுள்ளது. மூலிகை எண்ணெயையோ கஷாயத்தையோ ஊற்றி நோயாளியை அதில் கிடத்துவார்கள் என்பது ஆய்வாளர் கருத்து. உடலின் அளவுக்கே குடைந்திருப்பதால் விலையுயர்ந்த எண்ணெய் சிறிதளவே போதும். செதுக்கியவன் சிக்கனமும் தெரிந்தவன்! பாரசீக நாட்டு நீலப் பூச்சுச் சாடிகளும் அங்கு அகழ்ந்தெடுக்கப்பட்டன. பொலநறுவையில் முதலாம் பராக்கிரமபாகு காலத்து வைத்தியசாலையிலோ கத்தரிக்கோலும் குறடும் சத்திரக் கத்தியும் கிடைத்தன.

தமிழர் பக்கமும் ஒரு சொல். காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள திருமுக்கூடல் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பதினைந்து கட்டில்கள் கொண்ட ஆதுலசாலையை விவரிக்கிறது. வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சத்திர சிகிச்சை செய்பவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளரைப் பராமரிக்கும் பெண்கள் என ஒவ்வொருவருக்கும் கூலி உண்டு. சேமித்துவைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் வரிசையாக உண்டு. யாழ்ப்பாண அரசர் காலத்தில் எழுந்த செகராசசேகரமும் பரராசசேகரமும் இந்த வழியில் வந்த தமிழ் வைத்திய நூல்களே.

இதனால் பசிலியாரின் புகழ் குறைந்துவிடாது. மருந்தை மண்ணிலிருந்து தருபவர் ஆண்டவரே என்று சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரம் போதிக்கின்றது; எந்த நாட்டு மண் என்று அது பிரித்துச் சொல்லவில்லை.

ஆவணியில் மடுத் திருவிழாவுக்கு அநுராதபுரம் வழியாகப் போகும் குடும்பங்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் மிகிந்தலைக்கும் போய்வரலாம். படிகள் ஏறத் தேவையில்லை. தோணி அடிவாரத்திலேயே இருக்கிறது.