ஊர் ஊராய்ப் போன ஆனி

அன்புள்ள தமிழ்ச்செல்விக்கு,

நாட்டு நலப்பணி முகாமுக்குப் போகப்போவதாக எழுதியிருந்தாய். முன்பின் தெரியாத ஊராரிடம் நோய், சுத்தம் பற்றியெல்லாம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்றும் கேட்டிருந்தாய். அமெரிக்காவின் அரிசோனாவில் ஆடுமாடு வளர்த்த ஒரு நவஹோ பழங்குடிப் பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் ஆனி டாட்ஜ் வானீக்கா.

1910-இல் பிறந்தவர். அப்பா சீ டாட்ஜ், நவஹோ பழங்குடி மன்றத்தின் முதல் தலைவர், பெரிய பண்ணைக்காரர். வசதிக்குக் குறைவில்லை, இருந்தும் சின்ன வயதிலேயே மகளை ஆடு மேய்க்க அனுப்பினார். எட்டு வயதில் அவள் ஃபோர்ட் டிஃபையன்ஸ் விடுதிப் பள்ளியில் இருந்தபோது 1918-இன் விஷக்காய்ச்சல் வந்தது. ஆனிக்கு லேசாக வந்து போய்விட்டது. கூடப் படித்த பிள்ளைகள் பலர் பிழைக்கவில்லை. படுத்துக் கிடந்தவர்களுக்கு ஊட்டிவிடுவதும், விளக்குகளைத் துடைத்து மண்ணெண்ணெய் ஊற்றுவதும் அந்தச் சிறுமியின் வேலையாயின.

1929-இல் கல்யாணம். பிறகு அப்பாவின் மந்தைகளைக் கணவரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டார்.

1930-களில் நடந்ததை நீ கவனிக்க வேண்டும். மேய்ச்சலால் மண் அரித்துப்போகிறது என்று சொல்லி, அரசு ஆடுகளைக் குறைக்கக் கிளம்பியது. நவஹோ வீட்டில் ஆடுதான் சாப்பாடு, நெசவுக்குக் கம்பளி, சேமிப்பு எல்லாம். பல இடங்களில் ஆடுகளைச் சுட்டு அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். "உங்கள் நன்மைக்குத்தான்" என்று சொல்லித்தான் இவ்வளவும் செய்தார்கள். பின்னாளில் அதே அரசின் ஆட்கள் எக்ஸ்ரே எடுக்க வாருங்கள் என்று கூப்பிட்டால் யார் நம்புவார்கள்?

1951-இல் ஆனி பழங்குடி மன்றத்துக்குத் தேர்வானார். காசநோய் வீடு வீடாகத் தின்றுகொண்டிருந்த காலம். அதைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு அவரிடம் வந்தது. உடனே மேடை ஏறிவிடவில்லை. சில மாதங்கள் மருத்துவர்களிடமும் ஆய்வகத்திலும் உட்கார்ந்து, கிருமி எப்படி இருக்கும், நுரையீரலை என்ன செய்யும், மருந்து எப்படி வேலை செய்யும் என்று கற்றுக்கொண்டார்.

அப்புறம்தான் ஹோகன்களுக்குப் போனார். ஹோகன் என்பது மரமும் மண்ணும் கொண்டு கட்டிய ஒற்றை அறை வீடு. அந்தக் காலத்தில் மண் தரை, பலவற்றில் சன்னல் இல்லை, தண்ணீரைப் பீப்பாயில் மைல்கணக்கில் கொண்டுவர வேண்டியிருந்தது. அங்கே போய்க் கையைக் கழுவு என்று புத்தி சொல்வதில் என்ன இருக்கிறது? சன்னல், குடிநீர், கழிப்பிடம் என்று மன்றத்திலும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒருவர் இறந்த ஹோகனில் மற்றவர்கள் குடியிருக்க மாட்டார்கள். பலர் இறந்த ஆஸ்பத்திரியில் எப்படிப் படுப்பார்கள்? மின்னல் தாக்கிய மரத்தைத் தொட்டதால் நோய் வந்தது என்று நம்பியவர்களும் உண்டு. ஆனி யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. பாரம்பரிய வைத்தியர்களைத் தேடிப் போய்ப் பேசினார்: சடங்கு நடக்கட்டும், இரத்தமாக இருமுகிறவரை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்தவர்களை வீடு தேடிப் போய்த் திரும்பக் கூட்டிவந்தார். கேலப் நகர வானொலியில் நவஹோ மொழியிலேயே உடல்நலம் பற்றிப் பேசினார்.

ஐசோநயாசிட் என்ற காசநோய் மாத்திரையின் ஆரம்பகாலச் சோதனைகள் 1952-இல் நவஹோ நோயாளிகளிடமும் நடந்தன. அதே மாத்திரையை வீட்டிலிருந்தபடியே சாப்பிட்டுக் குணமாகலாம் என்று காட்டியது, 1956-இல் தொடங்கிய நம் சென்னை ஆய்வு.

1963-இல் அமெரிக்காவின் சுதந்திரப் பதக்கத்துக்கு அதிபர் கென்னடி ஆனியைத் தேர்ந்தெடுத்தார். டிசம்பரில் அதைக் கொடுத்தவர் அடுத்து அதிபரான ஜான்சன். இடையில் கென்னடி கொல்லப்பட்டிருந்தார்.

இவரை அம்மன் சிலையாக்கிவிடாதே. கோபக்காரி. 1968-இல் ஒரு கூட்டத்தில், ஏழை நவஹோக்களுக்கான சட்ட உதவி அமைப்பின் வழக்கறிஞர் சிரித்துவிட்டார். மறுநாள் ஆனி, "இன்னும் சிரிக்கப் போகிறாயா?" என்று கேட்டு அவரை அடித்தேவிட்டார். வழக்கறிஞரை நவஹோ நிலத்தைவிட்டு வெளியேற்றப் போட்ட உத்தரவு நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஆனியோ 1978 வரை மன்றத்தில் இருந்தார்.

அன்புடன்,
பெரியம்மா