பேனல் டயகிராமுக்கு எந்த மென்பொருள்?

மோட்டார் கன்ட்ரோல் பேனல் செய்யும் சிறிய பட்டறை நடத்துகிறேன். வயரிங் டயகிராம் வரைய கீகேட் கற்றுக்கொள்ளலாமா, காசு கொடுத்து வேறு ஏதாவது வாங்கலாமா?
— வாசகர், கோவை

கீகேட் அருமையான இலவச மென்பொருள்தான். ஆனால் அது சர்க்யூட் போர்டு வடிவமைப்பவர்களுக்கானது. உங்கள் வேலைக்கு கியூஎலக்ட்ரோடெக் பொருந்தும். அதுவும் இலவசம், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். கான்டாக்டர், ஓவர்லோடு ரிலே, எம்சிபி எல்லாவற்றுக்கும் குறியீடுகள் அதிலேயே தயாராக இருக்கின்றன.

பேனல் வேலையில் உயிரை எடுப்பது கிராஸ் ரெஃபரன்ஸ்தான். 2-ஆம் தாளில் கே1 கான்டாக்டரின் காயில் இருக்கும், அதன் துணைக் கான்டாக்ட் 5-ஆம் தாளில் கிடக்கும். இரண்டையும் ஒருமுறை இணைத்துவிட்டால், எது எந்தத் தாளில் என்று மென்பொருளே குறித்துவிடும். நள்ளிரவில் பழுது பார்க்க வரும் எலக்ட்ரீஷியன் உங்களை வாழ்த்துவார்!

முதலில் ஒரு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை, மூன்று கான்டாக்டர், டைமர், இன்டர்லாக் உட்பட முழுசாக வரைந்து பாருங்கள். கை பழகிவிடும். ஈபிளான், ஆட்டோகேட் எலக்ட்ரிகல் போன்ற கட்டண மென்பொருள்கள் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம். வாடிக்கையாளர் அவற்றில் வரைந்த கோப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அதற்கான சந்தாவையும் கொட்டேஷனில் சேர்த்துவிடுங்கள்.