மூச்சை விடப் பழகுங்கள்

வலது நுரையீரலின் மேல் மடலை எனக்கு எடுத்து ஆறு வருஷம் ஆகிறது. புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து கப்பலூர், திருமங்கலம் பக்கம் வீடு திரும்பியவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "பழையபடி மூச்சு வருமாண்ணே?" வலதில் மூன்று மடல், இடதில் இரண்டு. எனக்கு மிச்சம் இருப்பவை நான்கு. அவற்றைப் பழக்கித்தான் நடமாடுகிறேன்.

1. மூச்சுப் பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பக்கத்துத் தோப்பூரிலேயே அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது.

2. மூச்சு முட்டினால் இன்னும் இழுக்கத்தான் தோன்றும். இழுக்காதீர்கள், விடுங்கள். பழைய காற்று வெளியேறினால்தான் புதுக்காற்றுக்கு இடம். மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். எதிரே விளக்கு இருந்தால் சுடர் ஆட வேண்டும், அணையக் கூடாது. அந்த அளவு போதும். படி ஏறும்போதும் குடம் தூக்கும்போதும் விடுகிற மூச்சோடு செய்யுங்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

3. வயிற்றில் ஒரு கை, நெஞ்சில் ஒரு கை. இழுக்கும்போது வயிறு எழும்ப வேண்டும். உதரவிதானம் கீழே இறங்குவதன் அடையாளம் அது. தோள் ஏறினால் தப்பு. சாப்பிட்டவுடன் செய்ய வேண்டாம். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

4. ஆஸ்பத்திரியில் தந்த மூன்று பந்துக் கருவியைப் பலர் ஊதுகிறார்கள். அது ஊத அல்ல, உறிஞ்ச. வேகமாக உறிஞ்சி மூன்று பந்தையும் தூக்குவது பெரிதில்லை. நிதானமாக உறிஞ்சி ஒரு பந்தை மேலேயே நிறுத்திவைப்பதுதான் பயிற்சி.

5. இருமப் பயந்து சளியை உள்ளே தேக்காதீர்கள். தையல் மேல் தலையணையை அணைத்துக்கொண்டு இருமுங்கள்.

6. நடங்கள். டோல்கேட் ரோட்டின் லாரிப் புகையில் வேண்டாம், கண்மாய்க் கரைக்குப் போங்கள். இன்று இரண்டு கரண்ட் கம்ப தூரம், அடுத்த வாரம் மூன்று.

7. டிவி பார்த்துக் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் எதையும் நீங்களாகச் செய்யாதீர்கள்.

8. வீட்டில் பீடி, சிகரெட், கொசுவர்த்திப் புகை கூடாது. புகையை விடமுடியாதவர்களுக்கு 1800 11 2356 என்ற அரசு இலவச எண் உண்டு.

9. சளியில் ரத்தம், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால் பயிற்சியெல்லாம் அப்புறம். நடு ராத்திரியானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.