பேரீச்சம்பழத்துக்குப் போடுமுன்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்யும்போதுதான் எங்கள் சுருளிப்பட்டி வீடுகளில் சரித்திரம் கீழே இறங்கும். ஓட்டை அண்டா, கால் போன முக்காலி, அவற்றுக்கு நடுவே கந்தல் வேட்டியில் சுற்றிய நீளமான இரும்பு ஒன்று. "எங்க முப்பாட்டன் சண்டைக்குக் கொண்டுபோன வாளு" என்று அப்பத்தா சொல்லும். "பழைய இரும்புக்காரன் வந்தாத் தூக்கிப் போடு, அடைசல் குறையும்" என்று மருமகள் சொல்லும். நான் இருவர் பக்கமும் இல்லை. பார்த்துப் பழகியதையும் கெடுத்துப் பழகியதையும் குறிப்புகளாக எழுதியிருக்கிறேன்.

1. எடுத்தவுடன் துடைக்க வேண்டாம். சுற்றியிருக்கும் துணி, அதில் செருகிய சீட்டு, கைப்பிடியில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் அப்படியே வைத்து நாலு பக்கமும் போனில் படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். கயிற்றையும் துணியையும் குப்பையில் போட்டுவிட்டு இரும்பை மட்டும் வைத்துக்கொண்டால், பாதிச் சேதி குப்பையோடு போய்விடும்.

2. ஆயுதமா, அருவாளா என்று பிரித்துப் பாருங்கள். பரணிலிருந்து இறங்குவதில் பெரும்பாலானவை வேலைச் சாமான்கள்தான்: பாளை சீவுகிற அருவா, விறகு வெட்டுகிற வெட்டருவா, கதிர் அறுக்கிற பல்வைத்த பன்னருவா. அடையாளம் எளிது. வாளுக்குக் கையைக் காக்கிற தடுப்பு இருக்கும். அருவாளுக்கு வெறும் பிடிதான். அருவாளின் நடுவயிறு தீட்டித் தீட்டிக் குழிந்திருக்கும். அருவாதான் என்று தெரிந்ததும் முகம் சுருங்க வேண்டாம். திருப்பாச்சேத்தி அருவாளுக்குத் தமிழ்நாடு முழுக்கப் பெயர் இருக்கிறது. உங்கள் தாத்தா பிடித்துத் தேய்ந்த பிடி, எந்த ஜமீன் வாளுக்கும் சளைத்ததில்லை என்பது என் கட்சி.

3. வாள்தான் என்றால் அலகைப் பார்க்குமுன் கைப்பிடியைப் பாருங்கள். அலகு ஊர் ஊராகப் பயணம் போகும், பிடி மாறும். கைப்பிடியின் கடைசியில் தட்டையான வட்டத் தகடு இருந்தால் அது தல்வார் வகை. வடக்கே பிறந்து தெற்கு வரை பரவிய பிடி. இரண்டு கம்பிகளுக்கு நடுவே குறுக்குப் பிடி வைத்து, முஷ்டிக்கு முன்னால் முக்கோண அலகு நீட்டிக்கொண்டிருந்தால் கட்டாரி. சின்னதாக, இரண்டு வளைவு வளைந்து தேள்கொடுக்குப் போல இருந்தால் பிச்சுவா. தேளுக்கு இந்தியில் பிச்சு என்று பெயர். மெல்லிய தகடாக வளைந்து சுருண்டால் சுருள்வாள். (எங்கள் சுருளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, வெளியூர்ப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.) பழைய தல்வார் பிடிக்குள் நம் கை நுழையாது. ஏழடி உயரமாக நாம் கற்பனை செய்து வைத்திருக்கும் முப்பாட்டனின் உள்ளங்கை நம்முடையதைவிடச் சின்னதாக இருந்திருக்கலாம்.

4. பிடி ஆடுகிறதா? வெயிலில் வைக்காதீர்கள், அடுப்பு மேட்டிலும் வேண்டாம். பழைய வாள்களில் அலகின் வாலைப் பிடிக்குள் விட்டு, உருக்கிய அரக்கை ஊற்றித்தான் இறுக்கியிருப்பார்கள். சூடு பட்டால் அரக்கு இளகும், வாள் கையோடு கழன்று வரும். கடையில் விற்கும் இரண்டு டியூப் பசையை அடைத்துவிட்டால் பிறகு யாராலும் முறையாகப் பிரிக்க முடியாது.

5. அலகில் முத்திரை தேடுங்கள். பிடிக்கு மேலே நாலு விரல் தூரத்தில், துருவுக்கு அடியில் இருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். தேய்த்தால் தெரியாமலே போகும். பல் வைத்த இரண்டு பிறை எதிரெதிராக இருந்தால் இத்தாலியின் ஜெனோவா பக்கத்து முத்திரை. ஓடுகிற ஓநாய் என்றால் ஜெர்மனியின் பாஸ்ஸாவ், ஸோலிங்கன் ஊர்களுடையது. கப்பலில் வந்த இந்த அலகுகளுக்கு நம் ஊர்ப் பிடி போட்டுப் பரங்கி வாள் என்றார்கள். உடனே குதிக்க வேண்டாம். அந்த முத்திரைகளுக்கு அன்றே மவுசு இருந்ததால் இந்தியக் கொல்லர்களும் அதே பிறையை அடித்து விற்றிருக்கிறார்கள். போலி என்றால் அதுவும் முந்நூறு வருடத்துப் போலியாக இருக்கலாம். வெள்ளைக்கார அதிகாரியின் வாள் என்றால் முதுகில் எண் இருக்கிறதா பாருங்கள். லண்டன் வில்கின்சன் கம்பெனி 1854 முதல் தன் நல்ல வாள்களுக்கு வரிசை எண் போட்டது.

6. பட்டாளத்துக்குப் போன தாத்தா கொண்டுவந்த சாமானை ராஜா வாள் ஆக்காதீர்கள். 17 அங்குலம் நீண்ட நேரான அலகு, ஒருபக்கக் கூர், பிடியில் துப்பாக்கியில் மாட்டும் காடி, அலகின் அடியில் ஆர்.எஃப்.ஐ. என்று ஆங்கில எழுத்து: இது இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த 1907ஆம் ஆண்டு மாதிரி பயனெட். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இதையே 12 அங்குலமாகக் குறுக்கினார்கள். முன்பக்கம் கனத்து உள்பக்கம் வளைந்து, அடியில் சின்ன வெட்டு இருந்தால் கூர்க்கா குக்ரி. தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகம் அதே பெட்டியில் இருந்தால் இரண்டையும் பிரிக்காதீர்கள்.

7. பட்டறைக்குக் கொண்டுபோகாதீர்கள். இதைப் பட்டுத்தான் கற்றேன். எங்கள் வீட்டு வாளை நான்தான் ஒரு ஆயுத பூஜைக்கு முன்னால் சாணை பிடிக்கக் கொடுத்தேன். பளபளவென்று, கல்யாண மண்டபத்துக் கரண்டி மாதிரி திரும்பி வந்தது. அப்பத்தா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நீரோட்டமா ஒரு கோலம் ஓடுமேடா, எங்க?" என்றது. அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்த நீரோட்டம் உருக்கு இரும்பின் அடையாளமாக இருந்திருக்கலாம் என்று. மூசைக்குள் இரும்போடு ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் வைத்து மண் பூசி உலையில் உருக்கி எடுப்பது சேலம் பக்கத்து முறை. அந்த உருக்குதான் வெளிநாட்டில் ஊட்ஸ் என்று பேர் வாங்கியது. 1795இல் லண்டனில் ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். அலகில் ஓடும் கோலம் அந்த உருக்கு ஆறும்போது உள்ளே படியும் கரிமத்தால் வருவது. சாணை மேலே தெரிவதை அழிக்கும். உலையில் மறுபடி பழுக்கக் காய்ச்சினால் உள்ளே இருப்பதும் கரைந்து போகும்.

8. துருவில் இரண்டு உண்டு. கறுத்து, கெட்டியாக, விரலில் ஒட்டாமல் இருப்பது பழைய தோல். அதுவே இரும்புக்குக் காவல், விட்டுவிடுங்கள். செம்மண் நிறத்தில் பொடியாக உதிர்வதுதான் தின்கிற துரு. அந்த இடத்தில் மட்டும் தையல் மெஷின் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷாலோ மூங்கில் சிம்பாலோ மெல்ல எடுங்கள். உப்புத்தாள், புளி, சாம்பல், ஆசிட் எதுவும் ஆகாது. ஒரே நாளில் முடிக்க நினைக்காமல் வாரம் ஒரு கை அளவு போதும்.

9. தேங்காய் எண்ணெய் வேண்டாம். தென்னந்தோப்புக்காரர்களிடம் இதைச் சொன்னால் கோபம் வரும். ஆனாலும் சமையல் எண்ணெய் எல்லாமே நாள்பட்டால் சிக்குப் பிடிக்கும், தூசியைக் கூட்டும், அதிலுள்ள அமிலம் இரும்பில் வேலை காட்டும். மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிய பூச்சாக விடுங்கள். பிறகு வெறுங்கையால் அலகைத் தொடாதீர்கள். வேர்வை உப்பு, மறுவாரம் ஐந்து விரலையும் துருவாக வரைந்து காட்டும். பிடியில் பொன் கம்பியோ வெள்ளிக் கம்பியோ பதித்திருந்தால் எண்ணெயும் தேய்ப்பும் அங்கே கிடையாது, தூசி தட்டுவதோடு சரி.

10. ஆயுத பூஜைக்கும் சிவராத்திரிக்கும் சாமிப் பெட்டி திறக்கும் வீடுகளுக்கு: கும்பிடுவதைக் குறை சொல்ல நான் ஆளில்லை. ஆனால் நுனியில் குத்திய எலுமிச்சம்பழத்தை மறுநாள் காலையே எடுத்துவிடுங்கள். சாறு வழிந்த தடம் அலகில் பள்ளமாகவே தங்கிவிடும். சந்தனத்தையும் குங்குமத்தையும் அலகில் வைக்காமல் பிடியில் கட்டிய மஞ்சள் துணியில் வைத்தால் சாமி கோபிக்காது. எங்கள் ஊர்ப் பூசாரி ஒருவர் ஒத்துக்கொண்ட விஷயம் இது.

11. உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் உறை ஈரத்தை இழுத்து அலகோடு ஒட்டவைக்கும். உறையைத் தனியாக, வாளைத் தனியாகக் கஞ்சி போடாத பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வேர்க்கும். கணவாய் வழியாகச் சாரல் வந்து விழும் ஆனி ஆடியிலும், ஐப்பசி மழையிலும் மாதம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். சுவரில் மாட்ட ஆசையென்றால் சமையலறைச் சுவரும் மழை பெய்தால் ஊறுகிற சுவரும் வேண்டாம்.

12. பிறைபோல வளைந்து, ஒரு முனை கனத்துக் குமிழ் வைத்த மரக்கட்டை கிடைத்தால் அடுப்புக்குப் போய்விடாமல் பாருங்கள். அது வளரி. வளைதடி என்றும் சொல்வார்கள். மானை விரட்டி எறிவதற்கும் சண்டையில் காலை நோக்கி வீசுவதற்கும் வைத்திருந்தார்கள். ஆஸ்திரேலிய பூமராங் போலத் திரும்பி வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாள அதிகாரி, தனக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று 1830இல் வந்த தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். அதே சின்ன மருதுவை 1801 அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்கில் போட்டது அவருடைய கம்பெனிதான். அந்த ஆண்டு முடிவதற்குள் பாளையங்களின் ஆயுதங்களைப் பறிக்கும் அறிவிப்பும் வந்தது. அதில் தப்பிய மர வளரியைக் கறையான் தின்னும். தரையில் சாய்த்து வைக்காதீர்கள்.

13. பிடி தந்தமா, மான்கொம்பா என்று தெரிந்தால் விற்கவோ கை மாற்றவோ வேண்டாம். சிலம்பக்காரர்களின் பழைய மான்கொம்புகளுக்கும் இதுவே சட்டம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டுவீர்கள். உங்களிடம் உரிமைச் சான்று இல்லையென்றால் வனத்துறையிடம் கேட்டுவிடுவது நல்லது. சுருளி அருவிக்குப் போகும் வழியிலேயே அவர்கள் இருக்கிறார்கள்.

14. நாட்டுத் துப்பாக்கி கிடைத்தால் குழாய்க்குள் எட்டிப் பார்க்காதீர்கள், தட்டாதீர்கள், சூடு காட்டாதீர்கள். கெட்டித்த மருந்து உள்ளே இருக்கலாம். உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். காவல் நிலையத்தில் சொல்லிவிடுங்கள். பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்காலத் துப்பாக்கிக்கு 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் விலக்கு உண்டு, ஆனால் சுடுமா சுடாதா என்று தீர்மானிக்கிறவர் நீங்கள் இல்லை. வாள் விஷயத்தில், அலகு 9 அங்குல நீளத்துக்கோ 2 அங்குல அகலத்துக்கோ மேல் போனால் விதிகளின் ஆயுதப் பட்டியலில் வந்துவிடும். வீட்டு வேலை, விவசாயக் கத்திகள் அதில் சேராது. எப்படியும் யாரிடமாவது காட்டத் துணியில் சுற்றி பஸ்ஸில் மதுரைக்குக் கொண்டுபோகும் யோசனையை விட்டுவிடுங்கள். படத்தைக் கொண்டுபோங்கள்.

15. கிணறு வெட்டும்போதோ திராட்சைப் பந்தலுக்குக் கல்கால் நடக் குழி எடுக்கும்போதோ கிடைத்தால் கதை வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணுக்குள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் எழுதிக் கொடுங்கள். மண்ணோடு வந்த இரும்பைக் கழுவாதீர்கள், உலர்ந்தவுடன் அப்பளமாக உதிரும்.

16. "இந்த வாள் அரிசியை இழுக்குதா பாருங்க, இழுத்தா கோடி ரூபாய்" என்று யாராவது காரில் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். இரிடியம், ரைஸ் புல்லிங் என்று முதலில் பரிசோதனைக் கட்டணம் கேட்பார்கள். வாள் உங்களிடமே இருக்கும், பணம் போயிருக்கும்.

17. விலைக்கு வாங்க ஆசை வந்தவர்களுக்கு ஒரே யோசனை: பிடியின் ஓரத்தில் வார்ப்புக் கோடும், இணைப்பில் வெல்டிங் பொட்டும், அலகு முழுக்க ஒரே சீராகத் துருவும் இருந்தால் போன வருடத்துச் சாமான். நிஜமான பழசு கை பட்ட இடத்தில் தேய்ந்திருக்கும், படாத இடத்தில் தேய்ந்திருக்காது. நூறு வருடம் தாண்டியதை வெளிநாட்டுப் பேரனுக்குப் பார்சல் அனுப்ப முடியாது. அது தொல்பொருள், தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது.

18. ஒப்பிட்டுப் பார்க்க: சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதச்சாலையிலிருந்து வந்தவை இருக்கின்றன. ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்திலும் ஆயுதங்கள் உண்டு. அவ்வளவு தூரம் முடியாதென்றால் பக்கத்துக் கோயில் தூண்களையும் ஊர் எல்லை நடுகற்களையும் பாருங்கள். ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த கற்கள் தமிழி எழுத்துக்குப் பேர்போனவை. வாள்பிடி பார்க்க வேண்டுமானால் நாயக்கர் காலத்து வீரன் கற்கள்தான் உதவும். இடுப்பில் செருகிய கட்டாரியைச் சிற்பி பிடி உட்படச் செதுக்கியிருப்பார்.

19. கடைசியாக ஓர் அட்டை. தடித்த வெள்ளை அட்டையில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் ஓடும். நீளம், எடை, யாரிடமிருந்து யாருக்கு வந்தது, யார் சொன்னது, சொன்ன தேதி. சொன்னவர் வார்த்தையை நீங்கள் திருத்தாதீர்கள். நூல் கயிற்றால் பிடியில் கட்டுங்கள். எங்கள் வாளில் கட்டியிருக்கும் அட்டையின் கடைசி வரி: "நீரோட்டமாகக் கோலம் ஓடும் என்று அப்பத்தா சொன்னது. சாணை பிடித்தது நான்."