மசோதாவை இணையத்தில் தேடும்போது வழி தவறாமல் இருக்க

 

2025 ஜூலையில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், பக்கத்து ஊர் ஜமாஅத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் நமது அலுவலகத்துக்கு வந்தார். அவர்கள் ஊர் மையவாடிக்குப் பத்திரம் கிடையாது. தலைமுறை தலைமுறையாக அங்கே ஜனாஸா அடக்கம் செய்து வருவதால், அது வக்ஃப் என்று வாரியத்தில் நெடுங்காலம் முன்பே பதிவாகியுள்ளது.

"தம்பி, பத்திரம் இல்லாத இடமெல்லாம் இனி வக்ஃப் இல்லையாமே. அப்புறம் எதுக்கு உமீத் போர்ட்டல்ல ஏத்தணும்? விட்டுடலாம்னு கமிட்டியில பேசிட்டோம்" என்றார். ஆதாரமாக, வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப் ஒன்றை அச்செடுத்துக் கொண்டுவந்திருந்தார்.

அந்தத் தாள் பொய்யல்ல. ஆனால் அது 2024 ஆகஸ்ட் 8 அன்று மக்களவையில் அறிமுகமான மசோதா. முதல் பக்கத்தின் மேலேயே, அறிமுகப்படுத்தப்பட்ட வடிவம் என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. நீண்டகாலப் பயன்பாட்டால் வக்ஃப் ஆனவை என்ற வகையையே அந்த வடிவம் நீக்கியது. பின்னர் கூட்டுக் குழு ஆய்வு செய்து, திருத்தம் செய்து, நிறைவேறிய சட்டத்தில் ஒரு விதிவிலக்கு சேர்ந்தது: சட்டம் அமலுக்கு வரும் முன்பே அவ்வகையில் பதிவான சொத்துகள் வக்ஃபாகவே தொடரும், தகராறில் உள்ளவையும் அரசுச் சொத்தாக உள்ளவையும் மட்டும் இதில் சேராது.

போர்ட்டல் ஜூன் 6 அன்று திறக்கப்பட்டது. விவரங்களை ஏற்ற ஆறு மாத அவகாசம். அதில் ஒரு மாதத்துக்கு மேல், பழைய தாளை நம்பியே கழிந்துவிட்டது. செய்தி வந்தால் தீர விசாரிக்க வேண்டும் என்பது சூரா ஹுஜுராத் நமக்குக் கற்றுத்தரும் பாடம். சட்டச் செய்திக்கும் அது பொருந்தும். எனவே, மசோதாக்களை இணையத்தில் தேடும்போது நம் மக்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல்களையும் அவற்றைத் தீர்க்கும் வழிகளையும் இங்கே தருகிறோம்.

எங்கே பார்ப்பது?

நாடாளுமன்றத்தின் 'டிஜிட்டல் சன்சத்' தளத்தில் மசோதாவின் பல வடிவங்களும் கிடைக்கும். 'பிஆர்எஸ் லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச்' என்ற தனியார் ஆய்வு அமைப்பின் தளத்தில் எளிய சுருக்கமும், எந்த நாளில் என்ன நடந்தது என்ற வரிசையும் உண்டு. சட்டமான பின் அசல் வாசகம் மத்திய அரசின் இ-கெஜட் தளத்தில் வெளியாகும். நடப்பில் உள்ள மத்தியச் சட்டங்களின் தொகுப்பு 'இந்தியா கோடு' தளத்தில் உள்ளது.

1. தேடினால் எதுவும் வரவில்லை

முதலில் எழுத்தைப் பாருங்கள். வக்ஃப் என்ற சொல்லை 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலத்தில் 'கே' எழுத்துப் போட்டு எழுதியது. 2013ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 'கியூ' ஆக்கியது. இரண்டு விதமாகவும் தேடுங்கள். அடுத்து ஆண்டு. அறிமுகமான மசோதாவின் பெயரில் 2024 இருக்கும். சட்டத்தின் பெயரில் 2025 இருக்கும். 2025 என்று போட்டு அறிமுகமான மசோதாவைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். மேலும், அதே ஆகஸ்ட் 8 அன்று முசல்மான் வக்ஃப் சட்டத்தை ரத்து செய்யும் மசோதாவும் அறிமுகமானது. பெயர் ஒத்திருப்பதால் அதைத் திறந்து குழம்ப வேண்டாம்.

2. லிங்க் திறக்கவில்லை

பழைய செய்திகளில் உள்ள அரசு முகவரிகள் பல மாறிவிட்டன. மக்களவை, மாநிலங்களவைத் தகவல்கள் இப்போது ஒரே தளத்துக்கு வந்துள்ளன. லிங்கைத் திரும்பத் திரும்ப அழுத்துவதைவிட, தளத்தின் முகப்புக்குப் போய் மசோதாவின் பெயரால் தேடுவதே நல்லது.

3. பல பிடிஎஃப் இருக்கின்றன, எது சரி?

அறிமுகமானது, மக்களவையில் நிறைவேறியது, இரு அவைகளிலும் நிறைவேறியது என ஒரே மசோதாவுக்குப் பல வடிவங்கள் உண்டு. முடிவெடுக்க உதவுவது அரசிதழில் வெளியான சட்டம் மட்டுமே. வக்ஃப் திருத்தச் சட்டம் என்றால், 2025ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டம் என்று அதில் இருக்க வேண்டும்.

4. 'நிலுவை' என்றே காட்டுகிறது

தளம் பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மக்களவை கலைந்தால் அங்கே நிலுவையில் உள்ள மசோதா காலாவதியாகும். மாநிலங்களவையில் அறிமுகமாகி அங்கேயே நிற்கும் மசோதா காலாவதியாகாது. வக்ஃப் சொத்துகளில் அத்துமீறி இருப்போரை வெளியேற்றுவதற்காக 2014இல் மாநிலங்களவையில் அறிமுகமான மசோதா, பத்தாண்டுகள் அப்படியே இருந்து 2024இல்தான் திரும்பப் பெறப்பட்டது. நிலுவை என்றால் நாளைக்கே சட்டமாகிவிடும் என்று பொருளல்ல.

5. சட்டமாகிவிட்டது, அமலில் இருக்கிறதா?

ஒப்புதல் தேதி வேறு, அமல் தேதி வேறு. இச்சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தது 2025 ஏப்ரல் 5. அமலுக்கு வந்தது ஏப்ரல் 8. அமல் தேதிக்கான அறிவிக்கையை அரசிதழில் தனியாகப் பார்க்க வேண்டும். அதன் பிறகு நீதிமன்றம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 15 அன்று உச்ச நீதிமன்றம் முழுச் சட்டத்துக்கும் தடை விதிக்க மறுத்து, சில பிரிவுகளை மட்டும் நிறுத்திவைத்தது. ஐந்தாண்டு இஸ்லாத்தைப் பின்பற்றியதாகக் காட்டினால்தான் வக்ஃப் செய்யலாம் என்ற நிபந்தனை அவற்றில் ஒன்று. பதிவு செய்யும் கடமைக்குத் தடை இல்லை. மசோதாவின் பயணத்தைக் காட்டும் பக்கம், சட்டமானதோடு பெரும்பாலும் நின்றுவிடும். நீதிமன்ற உத்தரவைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

ஆகவே ஒரு செய்தியை அடுத்தவருக்கு அனுப்பும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது மசோதாவா, சட்டமா? எந்தத் தேதியிட்ட வடிவம்? இன்று அமலில் உள்ளதா? மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால் அனுப்பாதீர்கள்.

அந்தப் பெரியவரிடம் அரசிதழ் வாசகத்தைக் காட்டி, பொருளை வரி வரியாகச் சொன்னோம். வாரியத்தில் பதிவான சான்றையும், நிலம் தகராறில் இல்லை என்பதையும் ஒரு வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ளச் சொன்னோம். அன்று இரவே கமிட்டி மறுபடி கூடியது. அல்ஹம்துலில்லாஹ், காலக்கெடுவுக்கு முன்பே மையவாடியின் விவரங்கள் போர்ட்டலில் ஏறிவிட்டன.

உங்கள் கைக்கும் இப்படி ஒரு தாள் வந்தால், மஃக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் அலுவலகத்துக்கு எடுத்து வாருங்கள். இன்ஷா அல்லாஹ், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். கணினி தெரிந்த பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். அவர்கள் கற்றுக்கொண்டால் உங்கள் தெருவுக்கே உதவியாக இருக்கும்.

வஸ்ஸலாம்.
செயலாளர்